காவிரிச் செய்தியைப் படிப்பது எப்படி: தலைக்காவேரி முதல் கடைமடை வரை

ஜூன் பிறந்ததும் செய்தித்தாள்களில் காவிரி எண்கள் வரத் தொடங்கும். மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி, கல்லணையில் தண்ணீர் திறப்பு. படிப்பவர்களுக்கு எண் கூடியதா குறைந்ததா என்பது தெரியும். அது ஆற்றின் எந்த இடத்தில் அளந்த எண், அந்தத் தண்ணீர் எத்தனை நாளில் எங்கே போய்ச் சேரும் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. காவிரியில் ஓர் எண்ணுக்குப் பொருள் தருவது அது அளக்கப்பட்ட இடமும் அந்த மாதமும்தான். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் எந்தச் செய்தியையும் ஐந்து நிமிடத்தில் எடைபோட்டுவிடலாம்.

முதல் வேலை: ஆற்றை ஒரு தாளில் வரைவது

ஒரு முழுத் தாளைக் குறுக்காக வைத்து இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். இடது ஓரம் தலைக்காவேரி. குடகு மாவட்டத்துப் பிரம்மகிரி மலையில் ஏறத்தாழ 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வலது ஓரம் பூம்புகார். மொத்த நீளம் சுமார் 800 கிலோமீட்டர். இதில் 320 கர்நாடகத்துக்குள், 416 தமிழ்நாட்டுக்குள், நடுவிலுள்ள 64 கிலோமீட்டர் இரண்டு மாநிலங்களுக்கும் பொது எல்லை. அந்த 64 கிலோமீட்டரைச் சிவப்பு மையில் வரையுங்கள். சண்டைக்கும் சமரசத்துக்கும் காரணமான பிலிகுண்டுலு அளவுமானி அங்கேதான் இருக்கிறது.

இனி புள்ளிகள். இடமிருந்து பாகமண்டலம், ஹாரங்கி சேரும் குடிகே, ஹேமாவதியும் லட்சுமணதீர்த்தமும் வந்து விழும் கிருஷ்ணராஜ சாகர், ஸ்ரீரங்கப்பட்டணம், கபினி கலக்கும் திருமகூடலு நரசிபுரம், சிவசமுத்திரம், அர்க்காவதி சேரும் சங்கமம், மேகதாது, பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர். அதற்குக் கீழே பவானி கூடுதுறை, நொய்யல் சேரும் இடம், அமராவதி கலக்கும் திருமுக்கூடலூர், மாயனூர் கதவணை, முக்கொம்பு, கல்லணை, பூம்புகார். கபினியின் கோட்டை மட்டும் மேற்கே நீட்டி கேரளத்து வயநாடு வரை கொண்டுபோங்கள். காவிரி வடிநிலத்தின் 81,155 சதுர கிலோமீட்டரில் கேரளத்தின் பங்கு 2,866தான். ஆனால் வயநாட்டில் ஒரு வாரம் அடித்துப் பெய்தால் மேட்டூருக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அந்தத் தண்ணீர். கபினி அணை சிறியது, சீக்கிரம் நிரம்பித் திறக்க வேண்டியதாகிவிடும்.

முக்கொம்பில் கோட்டை இரண்டாகப் பிரியுங்கள்: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கல்லணையில் தெற்குக் கிளை மறுபடி பிரியும்: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். அங்கேயும் ஒரு வழி கொள்ளிடத்துக்குத் திறக்கும். மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலும். காவிரி கிளைகளாகப் பிரிந்து பிரிந்து மெலியும். பூம்புகாரில் அதை முதன்முறை பார்ப்பவர்கள் இதுதான் காவிரியா என்று கேட்பது இதனால்தான். அது வற்றிப்போன ஆற்றின் உருவமாகத் தெரியும். ஆனால் தண்ணீரை வயலுக்குக் கொடுத்து முடித்த ஆறு அப்படித்தான் இருக்கும்.

அலகுகள்

நீர் அளவு மூன்று விதமாகச் சொல்லப்படும். அடி என்பது அணையில் நிற்கும் உயரம். டி.எம்.சி. என்பது கொள்ளளவு: நூறு கோடி கன அடி. கன அடி என்று செய்தியில் வருவது ஒரு நொடிக்கு ஓடும் அளவு. "நொடிக்கு" என்ற சொல்லைப் பல செய்திகள் விட்டுவிடுகின்றன, நீங்கள் மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மத்திய நீர்வள ஆணையத்தின் அறிக்கையில் கன மீட்டர் என்று இருந்தால் 35.3 ஆல் பெருக்குங்கள், கன அடி கிடைக்கும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்றே ஒன்று: 11,574. நொடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஒரு நாளில் 86,400 நொடி, அதை வைத்து வகுத்தால் இது வரும். எந்த நீர்வரத்தையும் 11,574 ஆல் வகுத்தால் அன்றைய நாளின் டி.எம்.சி. தெரிந்துவிடும்.

பழகிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஆகஸ்ட் கடைசியில் காவிரி மேலாண்மை ஆணையம் கர்நாடகத்தை நொடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் திறந்துவிடச் சொன்னது. 5,000 என்பது பெரிய எண் போலத் தெரியும். 5,000 × 15 ÷ 11,574 என்று போட்டால் 6.48 டி.எம்.சி. அந்த ஆகஸ்டு முழுவதற்கும் சாதாரண ஆண்டுக் கணக்கில் வர வேண்டியது 45.95. இப்போது அந்தச் செய்தியின் எடை தெரிகிறது.

மேலணைகள்: அடிக்கு அடி ஒப்பிடாதீர்கள்

கர்நாடகத்தின் நான்கு அணைகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிருஷ்ணராஜ சாகர் 49.45 டி.எம்.சி., ஹேமாவதி 37.10, கபினி 19.52, ஹாரங்கி 8.50. கூட்டினால் 114.57.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இங்கேதான். கிருஷ்ணராஜ சாகரின் முழுமட்டம் 124.80 அடி, கபினியின் முழுமட்டம் 2,284 அடி என்று செய்தியில் வரும். கபினி இருபது மடங்கு உயரமான அணை அல்ல. முதலாவது அணையின் அடியிலிருந்து எண்ணிய உயரம், இரண்டாவது கடல்மட்டத்திலிருந்து எண்ணியது. ஹேமாவதி 2,922, ஹாரங்கி 2,859 என்பவையும் கடல்மட்டக் கணக்கே. ஆகவே அடியை அந்தந்த அணையின் முழுமட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அணைகளுக்கு இடையே ஒப்பிட டி.எம்.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான்கு அணைகளையும் மூடி வைத்திருந்தாலும் பிலிகுண்டுலுவில் ஓட்டம் இருக்கும். ஷிம்ஷா, சுவர்ணவதி, அர்க்காவதி முதலிய துணையாறுகள் அணைகளுக்குக் கீழே வந்து சேர்கின்றன. பெங்களூர்க் கழிவுநீரில் ஒரு பகுதியும் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு வருகிறது. "அணை மூடியிருக்கிறது, ஆனாலும் தண்ணீர் வருகிறதே" என்ற குழப்பத்துக்கு விடை இது. மேலே திறக்கும் நீர் பிலிகுண்டுலுவை எட்ட இரண்டு மூன்று நாள் ஆகும். ஆறு நிறைந்து ஓடும்போது இன்னும் விரைவாக வரும்.

பிலிகுண்டுலு: பங்கு கணக்கிடும் இடம்

மாநிலங்களின் பங்கைத் தீர்க்கக் காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2 அன்று அமைக்கப்பட்டது. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. சராசரி ஆண்டின் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று அது கணக்கிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று பங்கைத் திருத்தியது. இப்போது தமிழ்நாடு 404.25, கர்நாடகம் 284.75, கேரளம் 30, புதுச்சேரி (காரைக்காலுக்காக) 7. தமிழ்நாட்டின் 404.25 முழுவதும் எல்லை தாண்டி வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லையில் வர வேண்டியது 177.25தான். எஞ்சியது பவானி, அமராவதி, நொய்யல், உள்ளூர் மழை என்று எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைப்பது.

அந்த 177.25 மாதவாரியாகப் பிரிகிறது. இதை உங்கள் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்:

ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.50.

நாள் கணக்குக்கு மாற்றினால் ஜூனில் சராசரியாக நொடிக்கு 3,545 கன அடி, ஜூலையில் 11,660, ஆகஸ்டில் 17,150, செப்டம்பரில் 14,180 வர வேண்டும். அதனால்தான் ஜூனில் 6,000 கன அடி நல்ல செய்தி. ஆகஸ்டில் அதே 6,000 கவலைப்பட வேண்டிய செய்தி. எண் மாறவில்லை, மாதம் மாறிவிட்டது.

இங்கே ஒரு பிழை ஆண்டுதோறும் நடக்கிறது. ஜூலைக் கடைசியில் பெருமழை பெய்து ஒரே வாரத்தில் 60 டி.எம்.சி. வந்தால் "ஆண்டுப் பங்கில் மூன்றில் ஒன்று வந்துவிட்டது" என்று எழுதுவார்கள். கணக்கில் வந்துவிட்டது உண்மை. ஆனால் மேட்டூர் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த நீரைப் பிடித்துவைக்க இடமில்லை. செப்டம்பரில் சம்பா நெல்லுக்கு அது உதவாது. ஆகவே மொத்தத்தோடு அது வந்த மாதத்தையும் மேட்டூரில் அப்போது இருந்த இடத்தையும் சேர்த்தே பாருங்கள். மழை குறைந்த ஆண்டில் எல்லார் பங்கும் விகிதப்படி குறையும். அப்போது சாதாரண ஆண்டு அட்டவணையை மட்டும் காட்டி எழுதப்படும் செய்தி பாதிச் செய்தியே.

மேட்டூர்

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தினமும் காலை 8 மணி நிலவரம் வெளியாகும்: நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம்.

நீர்த்தேக்கம் அடியில் குறுகியும் மேலே விரிந்தும் இருக்கும் கிண்ணம். ஆகவே 60 அடி என்றால் பாதி நீர் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இருப்பு அதைவிட வெகு குறைவு. 100 அடியில் ஏறத்தாழ 65 டி.எம்.சி. இருக்கும். அதற்கு மேலுள்ள 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல். அதாவது மேல்பகுதியில் ஓர் அடி உயர 1.4 டி.எம்.சி. தேவை.

எப்போது நிரம்பும் என்று நீங்களே கணக்கிடலாம். நீர்வரத்து 30,000, வெளியேற்றம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 18,000. அதை 11,574 ஆல் வகுத்தால் நாளுக்கு 1.55 டி.எம்.சி. நீர்மட்டம் 100 அடியில் இருந்தால் நிரம்ப 18 நாள். செய்தியில் நீர்வரத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு வெளியேற்றத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கைப் போட முடியாது. அப்போது இரண்டு நாள் இருப்பைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் தெரிந்துவிடும்.

16 கண் மதகு திறக்கப்பட்டது என்று வந்தால் அணை நிரம்பி உபரி போகிறது என்று பொருள். அன்று முதல் கீழே உள்ளவர்கள் ஆற்றில் இறங்கக் கூடாது. படித்துறையில் நீர் அமைதியாகத் தெரிவதை நம்ப வேண்டாம், மேலே திறந்த நீர் இன்னும் வழியில் இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தப்பட்டால் அதுவும் அப்படி ஒரு முன்னறிவிப்பு.

நீர் வெகுவாக இறங்கிய ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சங்கள் அவை. அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது என்ற செய்தி வந்தால் டெல்டாவில் நாற்றங்கால் காய்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள்.

திறந்த நீர் வயலுக்குப் போகும் வழி

வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இடையிலுள்ள நாட்களில்தான் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவங்களும் அடங்க வேண்டும். குறுவை 105 முதல் 120 நாள் பயிர். திறப்பு ஜூலைக் கடைசிக்குத் தள்ளிப்போனால், 2024-இல் ஜூலை 28 அன்று திறந்ததுபோல, ஆற்றுநீரை நம்பிய குறுவை போய்விடும், ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் மட்டும் நடுவார்கள். 2022-இல் மே 24 அன்றே திறக்க முடிந்தது.

மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாள். 2020-இலும் 2023-இலும் ஜூன் 12 திறந்த நீருக்குக் கல்லணை ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. முதல் திறப்பில் எப்போதும் தாமதம் இருக்கும். காய்ந்த மணல் முதலில் தான் குடித்துக்கொள்ளும். மணல் அள்ளி ஆறு பள்ளமான இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆற்றில் நீர் ஓடும், ஆனால் வாய்க்கால் தலைப்பு அதைவிட உயரத்தில் நிற்கும், நீர் ஏறாது.

கல்லணையில் நான்கு எண்கள் வெளியாகும்: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். உங்கள் ஊர் எந்தக் கிளையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இது பயன்படும். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் காவிரியிலிருந்து பிரிபவை. அரசலாறு காரைக்காலில் கடலைத் தொடும். வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று பிரியும். திருத்துறைப்பூண்டி பக்கத்துக்காரர் பார்க்க வேண்டியது வெண்ணாற்று எண்ணை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர் கல்லணைக் கால்வாயை. நீர் போதாதபோது காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்து விடுவார்கள். உங்கள் கிளையில் எண் திடீரென்று விழுந்தால் பதறும்முன் முறை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கொள்ளிடத்தில் பெருநீர் போகும்போது "கடலில் வீணாகிறது" என்ற கூக்குரல் எழும். பாதி நியாயம்தான். காவிரியின் கீழ்க்கிளைகள் பாசன ஆறுகள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் விட்டால் கரை உடையும். வெள்ளத்தைத் தாங்கும் வடிகால் கொள்ளிடம். அது அணைக்கரையில் தடுக்கப்பட்டு வீராணத்துக்குப் போகிறது, அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர். கரையோர நிலத்தடி நீரும் அதை நம்பியிருக்கிறது. குறை சொல்ல வேண்டுமானால் கொள்ளிடத்தில் போதிய தடுப்பணை இல்லாததையும் தூர்வாராத ஏரிகளையும் சொல்லுங்கள். முக்கொம்பில் 1836-ஆம் ஆண்டைச் சேர்ந்த மேலணையின் கதவுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் உடைந்து போயின. பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும்.

பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வையுங்கள்

ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். டெல்டாவில் அப்போது பெருமழைக் காலம் இல்லை. ஆனாலும் ஆடிப்பெருக்கு என்றுதான் பெயர். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருப்பதால் ஆறு பெருகும். மேலே பார்த்த அட்டவணையில் மிகப் பெரிய எண் ஆகஸ்டுக்கு இருப்பதும் இதனால்தான். படித்துறையில் விளக்கேற்றும் பெண்கள் கொண்டாடுவதும் நீதிமன்றம் எண்ணாக எழுதியதும் ஒரே மழையை.

அந்த நாளுக்கு ஆயத்தம் செய்பவர்கள் முளைப்பாரிக்கு ஒன்பது பத்து நாள் முன்பே நவதானியம் விதைக்க வேண்டும். இருட்டில் வைத்தால் இளமஞ்சளாக வரும், வெயில் பட்டால் பச்சையாகிக் குட்டையாக நிற்கும். காப்பரிசிக்குப் பச்சரிசியை அரைமணி ஊறவைத்து, வடித்து, துணியில் கால்மணி உலர்த்திய பிறகே வெல்லம், எள், பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல் கலக்க வேண்டும். ஈரத்தோடு கலந்தால் வெல்லம் கரைந்து கூழாகிவிடும். ஆற்றில் விடும் காதோலை கருகமணி பனையோலையாக இருக்கட்டும், பிளாஸ்டிக் தட்டும் பையும் கரையோடு நிற்கட்டும். அம்மா மண்டபம், திருவையாறு, கும்பகோணம், பவானி கூடுதுறை எங்கே போனாலும் முதல்நாள் மேட்டூர் வெளியேற்றத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். வறண்ட ஆண்டுகளில் இந்த விழாவுக்கென்றே மேட்டூரில் நீர் திறந்ததும் உண்டு.

ஐப்பசி வேறு கணக்கு. சூரியன் துலாமில் நுழையும் நேரத்தில், அக்டோபர் 17 ஒட்டி, தலைக்காவேரியின் சிறு குண்டிகையில் தீர்த்தம் பொங்குவதாக நம்பிக்கை. அந்த நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், நள்ளிரவிலும் வரலாம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். பாகமண்டலத்தில் நீராடிவிட்டு 8 கிலோமீட்டர் மேலே ஏறுவது வழக்கம். குடகு மக்களான கொடவர்களுக்குக் காவிரி தாய். அவர்கள் பெண்கள் புடவைக் கொசுவத்தைப் பின்புறம் வைத்துக் கட்டுவதற்குக் காவிரியின் வேகத்தில் கொசுவம் பின்னே தள்ளப்பட்டதைக் காரணமாகச் சொல்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இவள் அம்மாதான் என்பதைத் தமிழ்நாட்டில் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், திருவரங்கம் என்று மூன்று தீவுகளிலும் பள்ளிகொண்டிருப்பவர் ஒரே அரங்கர்.

அதே ஐப்பசியில் திருவரங்கத்தில், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும் திருமஞ்சன நீர், காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வரும். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் மாதக் கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. அப்போது டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். அட்டவணையில் நவம்பர் எண் 13.78-ஆக இறங்கியிருப்பதைப் பாருங்கள். வயலுக்கு வானமே கொடுக்கும் காலம் அது. அந்த மழை தவறினால் மட்டுமே மேட்டூர் இருப்பு சம்பாவைக் காக்க வேண்டிவரும்.

குறிப்பேடு

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, கிருஷ்ணராஜ சாகர் வெளியேற்றம், கபினி வெளியேற்றம், பிலிகுண்டுலு, மேட்டூரின் நான்கு எண்கள், கல்லணையில் உங்கள் கிளை. ஒரே வரியில் உள்ள எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். திங்கட்கிழமை கபினியில் திறந்தது புதன் அல்லது வியாழன் பிலிகுண்டுலு கட்டத்தில் தெரியும். மேட்டூரில் திறந்தது மூன்று நான்கு வரி கீழே கல்லணையில் தெரியும். பென்சிலால் சாய்வாகக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் எழுதினால் உங்கள் வாய்க்காலுக்கு மேட்டூரிலிருந்து எத்தனை நாள் என்பது பிடிபடும். கடைமடையில் அந்த நாள் எண்ணிக்கையே நாற்று விடும் தேதியை முடிவு செய்கிறது.

மாதக் கடைசியில் பிலிகுண்டுலு வரிசையைக் கூட்டி 11,574 ஆல் வகுத்து அட்டவணை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நீராண்டு மே 31 அன்று முடியும். ஜூன் 1-க்குப் புதுப் பக்கம்.